கூத்துப் பதிவுக்கு எது கைகொடுக்கும்: ஆடாசிட்டியா, ஓஷன்ஆடியோவா, ரீப்பரா?

ஒலிப்பதிவு மென்பொருளை அது ஒழுங்காக ஓடும்போது ஒப்பிட்டுப் பயனில்லை. அப்போது எல்லாமே நல்லவைதான். கன்னங்குடாவில் களரி (கூத்தாடும் களம்) கூடி, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்துவிட்ட பிறகு, திரையில் அலைக்கோடு அசையாமல் கிடந்தால் எது நம்மைச் சீக்கிரம் கரையேற்றும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கூத்தையும் கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாடலையும் நாட்டார் கவியையும் பதிவு செய்பவர்களுக்காக மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

ஒலியே வரவில்லை என்றால் முதலில் மென்பொருளைத் திட்ட வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒலிவாங்கிக்கான தனியுரிமை அமைப்பில், டெஸ்க்டொப் செயலிகளை அனுமதிக்கும் பொத்தான் ஒன்று தனியாக இருக்கிறது. அது அணைந்திருந்தால் பொதுவாக எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அது சரியாக இருந்தும் ஆடாசிட்டி அடம்பிடித்தால், பெரும்பாலும் மென்பொருளைத் திறந்த பிறகு யூ.எஸ்.பி. ஒலிவாங்கியைச் செருகியிருப்பீர்கள். ‘ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்’ கட்டளையைக் கொடுத்தால் கண்டுகொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸிடமிருந்து ஒலியை வாங்கும் வழியை எம்.எம்.ஈ.யிலிருந்து வசாபிக்கு மாற்றிப் பாருங்கள். சாதனத்தின் மாதிரி வீதம் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) 48000 ஆகவும் ஆடாசிட்டித் திட்டத்தின் வீதம் 44100 ஆகவும் இருப்பதும் ஒரு காரணம். இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ரீப்பர் ஒரு படி மேல். ஒலிப்பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் ஏசியோ இயக்கியை அது நேரடியாக ஏற்கும். மத்தளத்துக்கு ஒன்று, சல்லரிக்கு (கைத்தாளம்) ஒன்று, பாடுபவர்களுக்கு இரண்டு என்று நான்கு ஒலிவாங்கிகளை, அவற்றைக் கணினியோடு இணைக்கும் ஓர் இடைமுகப் பெட்டியில் செருகினால் நான்கும் தனித்தனித் தடங்களாக விழும். ஆடாசிட்டியின் வழக்கமான விண்டோஸ் பதிப்புகளில் உரிமச் சிக்கலால் நெடுங்காலம் ஏசியோ சேர்க்கப்படவில்லை. அதனால் பல பெட்டிகளில் இரண்டு தடங்களோடு நின்றுவிடும். ஓஷன்ஆடியோ பல தட வேலைக்கு உருவானதே அல்ல. அதைக் குறை சொல்வதும் நியாயமல்ல.

அடுத்தது இரைச்சல். பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் அடிநாதம் கேட்டால், வடிகட்டியைத் தேடுவதற்கு முன் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வேளைகளில் அதோடு தீர்ந்துவிடும். ஏற்கெனவே பதிவாகிவிட்டதென்றால் ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் அகற்றும் ஆடாசிட்டியின் ‘நொட்ச்’ வடிகட்டி உதவும். ஆனால் திறந்தவுடன் அது 60 ஹேர்ட்ஸில் நிற்கும். ஆடாசிட்டி 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மென்பொருள். அந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைத்தான் காட்டுகிறது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். எண்ணை மாற்றாமல் வடிகட்டிவிட்டு ‘ஒன்றும் குறையவில்லையே’ என்று குழம்புபவர்கள் ஏராளம். 50 போதாவிட்டால் அதன் மடங்குகளான 100, 150 என்று மேலே போகலாம். அதை விட்டுவிட்டு ஹை-பாஸ் வடிகட்டியால் கீழ்ப்பகுதியை மொத்தமாக அரிந்தால் மத்தளத்தின் கனத்த பக்கமும் சேர்ந்தே போய்விடும். தகர டப்பா ஒலிதான் மிஞ்சும்.

மின்விசிறி, கடற்காற்று போன்ற விடாத இரைச்சலுக்கு ஆடாசிட்டியின் ‘நொய்ஸ் ரிடக்ஷன்’ இரண்டு படிகளில் நடக்கும். பாட்டில்லாத ஓரிரு விநாடியைத் தெரிவுசெய்து இரைச்சலின் சாயலை எடுக்க வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தெரிவுசெய்து அதே பெட்டியை மீண்டும் திறக்க வேண்டும். சாயல் எடுக்கும் அந்த விநாடியில் சல்லரியின் ரீங்காரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இரைச்சல் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு பாடுபவர் தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் கொப்பளிக்கும். 6 டெசிபெல் குறைத்துக் கேட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள். ஒரே மூச்சில் 20 வேண்டாம்.

இங்கேதான் ஆடாசிட்டி பொறுமையைச் சோதிக்கிறது. 3.2 பதிப்பிலிருந்து சில விளைவுகளை ஒலி ஓடும்போதே மாற்றலாம் என்றாலும், இந்த இரைச்சல் நீக்கி அந்தக் கூட்டத்தில் இல்லை. சில விநாடி முன்னோட்டத்தோடு திருப்திப்பட வேண்டும். ஓஷன்ஆடியோவில் விளைவுகளின் அளவை நகர்த்த நகர்த்தவே மாற்றம் காதில் விழும். புதிதாகக் கற்பவரின் காது பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ரீப்பரோடு வரும் ரீஃபர் என்ற வடிகட்டி மூலக் கோப்பைத் தொடாமலே இரைச்சலைக் கழிக்கும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. சாயலைத் தானாகக் கற்கும் பெட்டியில் போட்ட சரி அடையாளத்தை, சாயல் எடுத்த கையோடு நீக்கிவிட வேண்டும். மறந்தால் பாட்டையும் இரைச்சலாகக் கற்றுக்கொண்டே போகும். ஒலி தேய்ந்து தேய்ந்து மறையும். பழுது என்று நினைத்து ரீப்பரை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுபவர்களுக்கு அந்த ஒரு சொடுக்கே மருந்து.

அக்கரைப்பற்றில் ஒரு மூதாட்டி பாடிய கவியைப் பேரப்பிள்ளை கைபேசியில் பிடித்து அனுப்பினால் அது பெரும்பாலும் எம்4ஏ கோப்பாக வரும். விண்டோஸில் ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவினால்தான் அது திறக்கும். ஓஷன்ஆடியோ கேள்வி கேட்காமல் திறந்துவிடும். ஆனால் அங்கே ‘சேமி’ என்றால் அந்தக் கோப்பின் மேலேயே எழுதும். பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காசு விடயம்: ஆடாசிட்டியும் ஓஷன்ஆடியோவும் இலவசம். ரீப்பரை 60 நாள் பார்த்துவிட்டுச் தனிநபருக்கும் சிறு தொழிலுக்குமான சலுகை உரிமத்துக்கு 60 டொலர் கட்ட வேண்டும். கூத்துக்குழு ஒன்று சேர்ந்து வாங்கலாம். தனி ஆளுக்குப் பாரம்தான்.

விடிய விடிய ஆடும் கூத்துக்கு நான் ரீப்பரையே சொல்வேன். ஆடாசிட்டியின் 32 பிட் ஸ்டீரியோப் பதிவு 44100 வீதத்தில் மணிக்கு ஏறத்தாழ 1.3 ஜிபி பிடிக்கும். அதன் திட்டக் கோப்பு அதைத் தாங்கும். ஆனால் வேவ் என்ற வழக்கமான ஒலிக்கோப்பின் எல்லை 4 ஜிபி. 24 பிட் ஸ்டீரியோ அந்த எல்லையை நாலரை மணித்தியாலத்தில் தொட்டுவிடும். கூத்து அப்போது பாதி வழியில் நிற்கும். ரீப்பரின் பதிவு அமைப்பில் பெரிய கோப்புகளுக்கு வேவ்64 வடிவத்தைத் தெரிவுசெய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆடாசிட்டிதான் கையில் இருக்கிறதென்றால், ஒரு பாத்திரத்தின் வரவு முடியும் இடங்களில் நிறுத்திப் பகுதி பகுதியாகப் பதிந்து, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.