நியோபிரீன் தொடை உறை: கண்டீரவாவில் ஒரு நாள், 27 நொடிகள்

பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் கடந்த டிசம்பரில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியொன்றில், வலது பின்தொடையில் முழுமையாக ஆறாத காயத்தோடு 100 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். காலை ஆறரை மணிக்கு உள்ளே நுழைந்து மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்த அந்த நாளில் நான் உண்மையில் ஓடியது, இரண்டு சுற்றுகளையும் சேர்த்து, 27 நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. அந்த நாளுக்கென்றே 850 ரூபாய் கொடுத்து வாங்கிய நியோபிரீன் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) தொடை உறையைப் பற்றிய இந்த மதிப்புரையை இந்தக் கணக்கோடு தொடங்கக் காரணம் உண்டு: ஓட்டத்துக்கென்று விற்கப்படும் இந்தப் பொருளின் நன்மையும் தீமையும் ஓடாத நேரத்தில்தான் வெளிப்பட்டன.

முதலில் காயத்தைச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு 19 நாட்களுக்கு முன்பு, முழு வேகத்தில் ஓடிய ஒரு பயிற்சி ஓட்டத்தின் கடைசி அடிகளில், பின்தொடையின் வெளிப்பக்கத்தில் யாரோ விரலால் சுண்டியது போல இருந்தது. நீலம் பாரிக்கவில்லை, நடக்க முடிந்தது, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டும்போது மட்டும் இழுத்தது. சொந்த ஊராக இருந்திருந்தால் சுளுக்கு என்று சொல்லி, நல்லெண்ணெயைக் காய்ச்சி, நீவிவிட ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். இழைகள் கிழிந்த தசையை முதல் சில நாட்களில் அழுத்தி நீவுவது உள்ளே இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும் என்பதால், பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் இயன்முறை மருத்துவரிடம் போனேன். சேலத்துக்காரர். குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி எதிர்விசை கொடுத்துப் பார்த்துவிட்டு, முதல் நிலைக் காயம்தான், அதாவது லேசான கிழிசல்தான் என்றார். போட்டியைப் பற்றிச் சொன்னபோது, “என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன் சார், நீங்க கேக்க மாட்டீங்கன்னும் தெரியுது” என்று சிரித்தார். மூன்றாவது வாரத்தில் 90 விழுக்காடு வேகத்தில் வலியில்லாமல் ஓட முடிந்தது. அந்த மீதிப் பத்து விழுக்காட்டுக்காகத்தான் உறையை வாங்கினேன் என்று சொல்லலாம்.

உறை எளிமையானது: 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட நியோபிரீன் குழாய், இருபுறமும் மெல்லிய நைலான் துணி, மேல் விளிம்பின் உட்புறத்தில் வழுக்காமல் இருக்க ஒரு சிலிக்கோன் வரி. அட்டைப் பெட்டியில் நடுத்தர அளவு 50 முதல் 55 சென்டிமீட்டர் வரை என்று போட்டிருந்தது. என் தொடை காலையில் 54. கடைக்காரர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. கண்ணால் அளந்து, “இறுக்கமா இருந்தாத்தான் சார் பிடிப்பு” என்று நடுத்தர அளவைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நானும் வாதாடவில்லை. தொடை ஒரு குழாய் அல்ல, மேலே பருத்துக் கீழே ஒடுங்கும் கூம்பு. அதன்மேல் அளவுக்கு மீறி இறுக்கமான உறையை மாட்டினால், அது ஒடுங்கிய பக்கம் நோக்கி, அதாவது முழங்காலை நோக்கி, நழுவத்தான் பார்க்கும். மேலும், நன்றாக உடலைச் சூடேற்றிய பிறகு தசைக்குள் இரத்தம் பாய்ந்து தொடையே சற்றுப் பருக்கிறது. மெதுவோட்டம் முடிந்து நின்ற நிலையில், தொடையின் நடுவில் அளந்து, எல்லைக்கு அருகில் வந்தால் அடுத்த பெரிய அளவை வாங்குவதே சரி.

முதல் சுற்று காலை 9:20 மணிக்கு. டிசம்பர் காலைக் குளிரில், கப்பன் பூங்காப் பக்கத்திலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்க, இந்த உறை தன் உண்மையான திறமையைக் காட்டியது. நியோபிரீன் என்பது நீர்மூழ்குவோர் உடையில் பயன்படும் அதே செயற்கை ரப்பர். அதனுள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள் உடலின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. மெதுவோட்டமும் பயிற்சி அசைவுகளும் முடித்துவிட்டு, கால் ரூம் என்று எல்லோரும் சொல்லும் அழைப்பறையில் (என் நிலைமையில் அந்தப் பெயர் இரட்டுற மொழிதலாகவே பட்டது) இருபது நிமிடத்துக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடது தொடை குளிர்ந்துவிட்டது. காயம்பட்ட வலது தொடை அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது போல இருந்தது. மூத்தோர் போட்டிகளில் தொடக்கக் கட்டையைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் நின்ற நிலையிலேயே புறப்பட்டு, ஒவ்வொரு ஹீட்டிலும் (ஒரு சுற்றில் தனித்தனியாக ஓடும் குழுக்களுக்கு அந்தப் பெயர்) முதல் மூவருக்கு அடுத்த சுற்றில் இடம் உண்டு என்ற கணக்கில், நான்காவதாக வருபவரைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே 13.4 நொடியில் மூன்றாவதாக முடித்தேன். உறை அசையவில்லை. அந்த நேரத்தில் மதிப்பெண் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

அரையிறுதி 11:45க்கு. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஏறத்தாழ 60 மீட்டரில், வியர்வையில் சிலிக்கோன் வரி பிடிமானம் இழந்து, மேல் விளிம்பு சுருண்டு சுருண்டு தொடையின் நடுவில் ஒரு கயிறு கட்டியது போல நின்றது. ஓடுபவருக்கு அந்த இடத்தில் கவனம் சிதறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 13.7 நொடி, நான்காம் இடம். நேர அடிப்படையில் எடுக்கப்படும் இருவரில் கடைசி ஆளாக இறுதிக்குள் நுழைந்தேன் என்பது இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

உறை காயத்தைக் காக்குமா என்பதே வாங்குபவர்கள் கேட்கும் கேள்வி. பெட்டியும் காக்கும் என்றுதான் சொல்கிறது. என் பதில், காக்காது. விரைவோட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசை பெரும்பாலும் காயப்படுவது, முன்னால் வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு. அந்தக் கணத்தில் நீண்டுகொண்டே இருக்கும் தசை, வீசிச் செல்லும் முழங்காலுக்குக் கடிவாளம் போடுகிறது. சுமை முழுவதும் தசையின் நீளவாக்கில், இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே, அந்த இரண்டு மூட்டுகளையும் தாண்டிச் செல்கிறது. தொடையின் நடுவில் குறுக்காகச் சுற்றிய 3 மில்லிமீட்டர் ரப்பர் அந்தச் சுமையில் எதைத் தாங்கிவிட முடியும்? தோலில் ஓர் அணைப்பு உணர்வு இருப்பதால் காலை வைப்பதில் கவனம் கூடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் எதுவும் இல்லை.

இறுதி ஓட்டம் மாலை 4 மணிக்கு. 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் ஒரு சுற்றின் கடைசி ஹீட்டுக்கும் அடுத்த சுற்றின் முதல் ஹீட்டுக்கும் இடையே குறைந்தது 45 நிமிடம் வேண்டும் என்பது சர்வதேச விதி. அதிகபட்சம் இவ்வளவு என்று எங்கும் சொல்லப்படாததால் எங்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. தயிர்சாதமும் எலுமிச்சைச் சாறுமாகப் பார்வையாளர் படிக்கட்டின் நிழலில் கிடந்தேன். உறையைக் கழற்றவில்லை. வலியே இல்லை, காலையில் இருந்ததைவிட நன்றாக இருப்பதாகக்கூடத் தோன்றியது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை போட்டிகளில் தடை செய்யப்பட்ட மருந்து அல்ல என்றாலும், எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிடும் என்பதால் அன்று தொடவே இல்லை. அதே வேலையை இந்த ரப்பர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கவனித்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001இல் மூடப்படும்வரை வேலை பார்த்தவர், 65 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஓட வந்திருந்தார். அவருடைய காலில் பழைய கிரேப் பேண்டேஜ் (இழுத்தால் நீளும் துணிக்கட்டு) எட்டு வடிவத்தில் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதை அவிழ்த்துவிட்டு வெறுங்காலோடு கொஞ்சம் நடந்துவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டார். “கழட்டிட்டுப் பாருங்க தம்பி. சூடு இருக்கற வரைக்கும் வலி வாயே தொறக்காது” என்றார்.

கழற்றினேன். முழங்காலுக்குப் பின்புறமும் விளிம்பு பதிந்த இடத்திலும் தோல் சிவந்து தடித்திருந்தது; காற்றுப் புகாத பொருளை ஆறேழு மணி நேரம் வியர்வையோடு மாட்டியிருந்தால் வேறென்ன ஆகும். பதினைந்து நிமிடத்தில் தொடை ஆறியது. எழுந்து நடந்தபோது, 19 நாட்களுக்கு முன்பு சுண்டிய அதே இடத்தில் மெல்லிய இழுப்பு. குனிந்து ஷூ கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொட முடியவில்லை என்றில்லை, தொடும்போது முகம் சுளித்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஏதென்ஸில் வென்ற தங்கத்தோடு சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் முதல் சுற்றுக்கு வந்த லியு ஷியாங், குதிகால் நாண் காயத்தால் ஓடாமலேயே திரும்பி நடந்தார். அவருக்கு இருந்த பாரத்தோடு ஒப்பிட்டால், எட்டுப் பேரில் எட்டாவதாக வர வாய்ப்புள்ள நான் விலகுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் பிடித்தது. தகுதி பெற்ற பிறகு காரணமில்லாமல் ஓடாதவரை மற்ற ஓட்டங்களிலிருந்தும் நீக்க விதியில் இடமுண்டு என்பதால், மருத்துவக் கூடாரத்துக்குப் போய்ச் சான்று எழுதி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் 200 மீட்டரிலும் பெயர் இருந்தது, அதையும் ஓடவில்லை.

ஆகவே இந்த உறையை வாங்கலாமா? குளிர்காலக் காலைகளில், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே தசை குளிராமல் வைத்திருக்க வாங்கலாம். அதற்கு 850 ரூபாய் அதிகமல்ல. ஓடும்போது மாட்டிக்கொள்ள வேண்டாம், வெயில் ஏறிய பிறகு அறவே வேண்டாம். மணிக்கு ஒருமுறை கழற்றி, ஆறவிட்டு, நடந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓட்டத்துக்குத் தோலில் ஒட்டும் எலாஸ்டிக் டேப்பை முன்பு பயன்படுத்தியிருக்கிறேன். கென்ஸோ காஸே என்ற ஜப்பானியர் 1970களில் உருவாக்கி, 2008 ஒலிம்பிக்கில் பல வீரர்களின் உடலில் வண்ண வண்ணமாகத் தெரிந்து புகழ்பெற்ற அந்த டேப்பும் கிழிந்த இழையைத் தைத்துவிடாது, ஆனால் நழுவாது, தசையைச் சூடாக்கி நம்மை ஏமாற்றாது. கிரேப் பேண்டேஜ் இவை எல்லாவற்றையும்விட மலிவு. கட்டத் தெரிந்த கை வேண்டும்.

இன்னொன்று. இதை வாஷிங் மெஷினில் போடக்கூடாது, குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில்தான் உலர்த்த வேண்டும். எங்கள் வீட்டுப் பால்கனியில் அது முழுதாகக் காய இரண்டு நாள் ஆனது. காயாமல் மடித்துப் பையில் வைத்தால் வரும் நாற்றத்தைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே பேச்சு வாங்கிவிட்டேன். இரண்டு நாள் போட்டிக்குப் போகிறவர்கள் இரண்டு வாங்கிக்கொள்ளட்டும்.