கரூர் ஆத்துல கெடச்ச ரோமானிய மன்னர் டைபீரியஸ் வெள்ளிக்காசுன்னு யாராவது வித்தா உஷார்

பழைய காசு சேக்குறவங்க இத கொஞ்சம் படிச்சிருங்க. வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் டினாரியஸ்ங்கற பழைய ரோமானிய வெள்ளிக்காசு விக்கிறார், அமராவதி ஆத்துல மணல் அள்ளும்போது கெடச்சதாம், எங்கிட்ட 13,000 ரூபா வாங்கிட்டு அனுப்பினது அசல் இல்ல, போலி. கதை நம்புற மாதிரிதான் இருக்கும், ஏன்னா கரூர், கோயம்புத்தூர் பக்கம் ஆகஸ்டஸ், டைபீரியஸ் காசெல்லாம் நெசமாவே நெறைய கெடச்சிருக்கு.

"வெள்ளி இல்லன்னா பணம் வாபஸ்"னு தைரியமா சொன்னார். ஆசாரிகிட்ட குடுத்து உரசிப் பாத்தேன், நல்ல வெள்ளிதான்! அங்கதான் சூட்சுமமே. டைபீரியஸ் காலத்து டினாரியஸ் கிட்டத்தட்ட சுத்த வெள்ளி, அதனால இன்னிக்கு வெள்ளிய உருக்கி வார்த்தாலும் உரைகல்லுல பாஸ் ஆயிடும். இன்னொரு கூத்து, கி.பி. 270 வாக்குல வந்த அசல் ரோமானிய காசுல வெள்ளி 5 சதவீதம் கூட இருக்காது, மேல பூச்சு மட்டும்தான், அத உரசினா ஆசாரி செம்புன்னு தூக்கிப் போட்டுருவார். உரைகல் உலோகத்த சொல்லும், வயச சொல்லாது.

டிசைன வெச்சும் பிடிக்க முடியாது, ஒரு பக்கம் இலை கிரீடம் வெச்ச டைபீரியஸ் தலை, பின்னாடி செங்கோலும் கிளையும் புடிச்சு உக்காந்திருக்கற அம்மா, எல்லாம் கரெக்டா இருக்கு, அசல் காசுல அச்செடுத்துதானே வார்க்கறாங்க. மாட்டிக்கிட்டது வேற எடத்துல. இந்த வகை அசல் 3.6, 3.8 கிராம் வாக்குல இருக்கும், தேஞ்சா கொஞ்சம் குறையும், இது அவ்ளோ தேயாமலே 3.1. லென்ஸ் வெச்சு பாத்தா மேல குட்டி குட்டி காத்துக்குமிழி ஓட்டை, எழுத்தெல்லாம் கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கல், ஓரத்துல சுத்தி அரம் போட்ட தடம். அசல் காசு வார்த்தது இல்ல, அச்சுல வெச்சு சுத்தியலால அடிச்சது, அப்படி அடிச்ச காசுன்னா வெள்ளி வெளிப்பக்கமா ஓடின மெல்லிசு கோடு தெரியும், எழுத்து ஓரம் வெட்டினாப்ல நிக்கும்.

இதுக்கு மேல என்ன வேணும்னா, குரூப்ல இன்னொருத்தர் வாங்கின காசு போட்டோவ பாத்தேன், மூக்குக்கு கீழ அதே பள்ளம், ஓரத்துல அதே எடத்துல அதே வெடிப்பு. ஒரே அச்சுல அடிச்ச ரெண்டு காசு இருக்கலாம், ஆனா அடிபட்ட தழும்பும் வெடிப்பும் ஒண்ணா இருக்க வாய்ப்பே இல்ல.

கேட்டா "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னுட்டு பிளாக் பண்ணிட்டார். அப்படியே ஆத்துல கெடச்சது நெசம்னாலும், 1878 புதையல் சட்டப்படி மண்ணுல கெடச்ச 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல கலெக்டர்கிட்ட தெரியப்படுத்தணும், குரூப்ல விக்கக்கூடாது. எப்படி பாத்தாலும் அந்த ஆளு சொல்றது ஆகாத கதை.

சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்திருக்கேன், பணம் இன்னும் வரல. அந்தாள்கிட்ட வாங்கினவங்க யாராவது இருந்தா பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டையும் சாட்டையும் அழிச்சிராதீங்க, காசோட ரெண்டு பக்கமும் ஓரமும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, புகாரோட சேத்து குடுக்கறேன்.