தானாக மாறிய பட்டாவுக்கு இருபதாயிரம்: நிலம் கிரயம் வாங்குபவர்கள் கவனம்

காங்கேயம் பக்கம் என் அத்தை ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு கிரயம் வாங்கினார். பட்டா விற்றவர் பெயரிலேயே இருந்தது. முழு சர்வே எண்ணையும் வாங்கியதால், அதைப் பிரித்து உட்பிரிவு செய்யத் தேவையில்லை. இப்படிப்பட்ட நிலத்துக்குப் பட்டா மாற்ற இப்போது யாரையும் பிடிக்க வேண்டாம். பத்திரம் பதிவானதும் விவரம் ஆன்லைனில் வருவாய்த் துறைக்குப் போய், பட்டா தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறிவிடும்.

அத்தைக்கு இது தெரியாது. பத்திர ஆபீஸ் வாசலில் பார்த்த ஒரு ஆள் கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கே வந்திருக்கிறான். "ஏனுங்கம்மா, பட்டா மாத்தாம உட்டுட்டீங்களே? தாசில்தாரு நமக்கு வேண்டியவருங்க, நான் சொன்னா ஆயிருமுங்க" என்று சொல்லி, அவர் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு "சார், சார்" என்று பேசி, எட்டாயிரம் வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் பட்டாவோடு வந்து, பொழுதுக்கும் ஆபீசில் காத்துக் கிடந்து வாங்கி வந்ததாகச் சொல்லி இன்னும் பன்னிரண்டாயிரம். அத்தை காபி போட்டுக் கொடுத்ததோடு, அந்த ஆளால்தான் வேலை முடிந்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பணத்தைவிட எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

நோம்பிக்குப் போனபோது அந்தப் பட்டாவைப் பார்த்தேன். அடியில் இருப்பது அச்சடித்த தேதி. அவன் காட்டியது அதைத்தான். மேலே அட்டவணையில் 'குறிப்புரைகள்' என்ற கட்டத்தில் நீளமான உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கும். அந்தத் தேதி, அவன் முதல் தடவை வீட்டுப் படி ஏறியதற்கும் முந்தையது! போனில் கேட்டால், "நான் சொல்லி வெச்சதாலதானுங்க அவ்வளவு சுருக்கா ஆச்சு" என்கிறான். அப்போது அத்தை அவனிடம் பட்டா பற்றிப் பேசியதே இல்லை.

யாருக்கும் ஐந்து பைசா கொடுக்கும் முன் வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டுப் பாருங்கள். செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான், கட்டணம் இல்லை. ஒரு சர்வே எண்ணில் பாதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாளாகும். "சர்வேயரை நான்தான் கூட்டி வந்தேன்" என்று அங்கேயும் ஒருவன் வருவான்.

பட்டா நகலை வைத்து, பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் மோசடி என்று காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆள் இன்றைக்கும் அதே பத்திர ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறான்.