ஒரே திரை, மூன்று வேறு பழுதுகள்: கல்லடியில் எட்டு வருடம் ஓடிய கிராபிக்ஸ் கார்ட்

2017 ஓகஸ்டில் புதிதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்ட் (கொம்பியூட்டரில் படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் பாகம்) 2025 சித்திரையில் ஓய்ந்தது. கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் சடங்கு என்று வீடியோ எடிட் செய்வதும் அல்பம் வடிவமைப்பதும்தான் என் தொழில். அதனால் அந்தக் கார்ட் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. 6 ஜிபி ஜிடிடிஆர்5 மெமரி, 120 வாட், ஒரேயொரு 6 பின் பவர் இணைப்பு. கம்பனியின் பெயரை எழுதவில்லை. மூன்று தடவை வந்த பழுதில் இரண்டு தடவை கார்டில் பிழையே இல்லை. மூன்றாவது வயதால் வந்தது. மூன்று தடவையும் பழுது திரையில்தான் தெரிந்தது. காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் போன நாட்கள் இன்னொருவருக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே வாவி. ஜன்னல் கம்பியும் கேட்டின் பிணைச்சலும் இரண்டு மாரிக்குத் தாங்காது. கொம்பியூட்டர் கேசிங்குக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முதல் தடவை 2019 மார்கழி. விடாத மழை. கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக ஆக்குவது) போட்டிருந்தேன். திரை கறுத்தது, பின்னணியில் போட்டிருந்த பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. சில செக்கனில் படம் திரும்பி வந்தது, எடிட்டிங் மென்பொருள் மூடுபட்டிருந்தது. பிழைகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண். கார்டிடம் கொடுத்த வேலைக்கு இரண்டு செக்கனுக்குள் பதில் வராவிட்டால் விண்டோஸ் டிஸ்ப்ளே டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுத்தி மீண்டும் தொடக்கிவிடும். அதைத்தான் அந்த எண் பதிவு செய்கிறது. செய்தியில் டிரைவர் என்ற சொல் இருந்ததால் பழுதும் டிரைவரில்தான் என்று நம்பிவிட்டேன். சேஃப் மோடில் போய், டிரைவரை நீக்கும் மென்பொருளான டிடியூவால் பழைய டிரைவரை முழுதாகத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். பிறகு விண்டோஸையே இரண்டு தடவை மாற்றிப் போட்டேன். நாலு நாள் போனது. அதற்கிடையில் பொம்பிளையின் தாய் கோல் எடுத்து, "தம்பி, புள்ள வெளிநாடு போகமுந்தி வீடியோவத் தந்திருங்க" என்று சொன்ன குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

கடைசியில் காத்தான்குடியில் கொம்பியூட்டர் திருத்தும் நானா (அண்ணா) ஒருவரிடம் கேட்டேன். எட்டு வருடமும் எனக்குத் துணை நின்றவர் அவர்தான். "டிரைவர விடுங்க தம்பி. ஜிபியூ-இசட்டத் தொறந்து, பஸ் இன்டர்ஃபேஸ் எண்ட இடத்துல என்ன போட்டிருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க" என்றார். ஜிபியூ-இசட் என்பது கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள். 16 லேனில் (மதர்போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தகவல் போய்வரும் பாதை) ஓட வேண்டிய கார்ட் 4 லேனில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மதர்போர்டின் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் 164 தொடுபுள்ளிகள் உண்டு. சிலவற்றில் தொடுகை சரியில்லாவிட்டால் கார்ட் உடனே செத்துப்போகாது. லேன்களைக் குறைத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அப்படி ஓடுகையில் பாரமான வேலை வந்தால் தடுமாறும். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம்பிடிக்க, அதே இடத்தில் வேகத்தைக் காட்டும் 3.0 என்ற எண் 1.1 ஆக இறங்குவது வழமை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது லேன் எண்ணிக்கையை. ஜிபியூ-இசட்டில் அதன் பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி, அது தருகிற சின்னச் சோதனையை ஓடவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் சில மதர்போர்டில் இரண்டாவது ஸ்லொட்டின் அமைப்பே 4 லேன்தான். கார்ட் எந்த ஸ்லொட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கழற்றிப் பார்த்தபோது தங்கப் பூச்சுள்ள விளிம்பில் மங்கலான படலம், இரண்டு மூன்று இடத்தில் பச்சை. உப்பும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிற மிருதுவான வெள்ளை அழிறப்பரால், அழுத்தாமல், தொடுபுள்ளியின் நீளவாக்கில் தேய்த்தேன். தங்கப் பூச்சு மிக மெல்லியது. மண்கடதாசியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, ஸ்லொட்டை மெல்லிய தூரிகையால் தட்டித் திரும்பப் பூட்டினேன். 16 லேனும் வந்தது. அதே வீடியோ அன்றிரவே ஒரே மூச்சில் ரெண்டராகி முடிந்தது.

அதிலிருந்து கடல் பக்க ஜன்னலடியில் இருந்த மேசையை உள்சுவருக்கு மாற்றினேன். மாரியில் வேலை இல்லாத நாளிலும் ஒரு மணித்தியாலமாவது மெஷினை ஓடவிடுகிறேன், உள்ளே இருக்கிற சூடு ஈரத்தை அண்டவிடாது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்கு முன்பே கார்டைக் கழற்றித் துடைப்பது என் வீட்டில் வருடச் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மூடி வைத்து இரண்டு மூன்று மாதம் வெளியூர் போகிறவர்களின் மெஷின்தான் இந்தக் கரையில் சீக்கிரம் கெடுகிறது என்று நானா சொல்வார். என் அனுபவமும் அதுதான்.

இரண்டாம் தடவை 2022. பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த காலம். கரண்ட் வரும் நேரத்துக்குள் எல்லா வேலையையும் முடிக்க வேண்டும். ரெண்டர் தொடங்கிச் சில நிமிடத்தில் திரை கறுத்து, முழு மெஷினுமே திரும்பத் தொடங்கியது. பாட்டும் நின்றது. முதல் தடவைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். ஈவென்ட் வியூவரில் 4101 இல்லை. கேர்னல் பவர் 41 இருந்தது. ஒழுங்காக மூடாமல் மெஷின் அணைந்துவிட்டது என்பதற்கு மேல் அந்த 41 ஒன்றும் சொல்லாது. ஆனால் சத்தமும் சேர்ந்து போய், மெஷினும் தானாகத் திரும்ப எழும்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பவர் சப்ளையை.

அந்த நேரம் எனக்கு வந்த பயம் பெரியது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியிருந்தது, புதுக் கார்ட் வாங்குவதை நினைக்கவும் முடியாது. கார்டைக் கழற்றிக் கல்முனையில் இருக்கிற கூட்டாளியின் மெஷினில் போட்டோம். கரண்ட் இருந்த நேரமெல்லாம் ஓடவிட்டோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. பிறகு அவனுடைய பவர் சப்ளையை என் மெஷினில் போட்டோம். அதுவும் ஓடியது. இதைவிட நல்ல சோதனை இல்லை. மென்பொருள் காட்டும் வோல்டேஜை முழுதாக நம்ப முடியாது.

உறுதிப்படுத்த மல்டிமீட்டரை எடுத்து என் பழைய சப்ளையின் மஞ்சள் வயரையும் கறுப்பு வயரையும் அளந்தோம். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4க்குக் கீழே போகக்கூடாது. பாரம் ஏற ஏற அது 11.2 வரை இறங்கியது. பெட்டியின் மேல் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 240 வாட். சிபியூவும் கார்டும் எடுப்பது இந்த 12 வோல்ட்டில்தான். அந்த லேபிளை வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டும். பவர் சப்ளையை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் மின் நிற்கும்.

மூன்றாம் தடவை 2024 வைகாசி. கண்ணகி அம்மன் சடங்கு எடுத்த வீடியோக்கள் மேசையில் குவிந்திருந்த நேரம். குளிர்த்தி (அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு) நடக்கிற காட்சியில், அம்மனின் முகத்தின் மேல், பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள். முதலில் வீடியோவே கெட்டுவிட்டது என்று நெஞ்சு பதறியது. அப்படியான ஒரு நாளைத் திரும்ப எடுக்க முடியாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். அதிலும் புள்ளிகள் இருந்தன. அப்படியென்றால் மொனிட்டரும் கேபிளும் குற்றமற்றவை, படம் கார்டுக்குள்ளேயே கெடுகிறது. மூல ஃபைலை லப்டொப்பில் போட்டேன்; சுத்தமாக இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டு நாளில் பயோஸ் திரையிலேயே நெடுக்குக் கோடுகள் வந்தன. விண்டோஸ் தொடங்கமுதலே கோடு வந்தால் டிரைவரை நோண்டுவதில் பயனில்லை. யூஎஸ்பியிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தேன், அங்கும் அதே கோடு. ஓசிசிடி என்ற மென்பொருளின் விராம் (கார்டின் மெமரி) சோதனையில், கார்ட் சூடாகி நாலாவது நிமிடத்தில் பிழைகள் எண்ணத் தொடங்கின.

சிப்பின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டும் பாட் என்ற மெல்லிய மெத்தையும் காய்ந்து மாப் போல இருந்தன, மாற்றினேன். பாட் மாற்றுகிறவர்கள் பழையதன் தடிப்பை அளந்து அதே தடிப்பில் வாங்குங்கள். தடித்ததைப் போட்டால் ஹீற்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகம்) கோரில் (கார்டின் பிரதான சிப்) படியாது. சூடு குறைந்தது, பிழைகள் குறையவில்லை. அதன்பின் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் மெமரி வேகத்தை 500 மெகாஹேர்ட்ஸ் குறைத்தேன். பிழை நின்றது. ரெண்டர் கொஞ்சம் மெதுவானது, வேலை நடந்தது. அப்படியே பதினொரு மாதம் ஓடியது. இதைத் திருத்தம் என்று சொல்லமாட்டேன். புதுக் கார்டுக்குக் காசு சேர்க்க அவகாசம் கிடைத்தது, அந்த நேரம் எனக்கு அது போதும்.

கார்டை ஓவனில் வைத்துச் சுடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். சிப்பைப் பலகையில் ஒட்டியிருக்கும் ஈயமில்லாத பற்றாசு உருக ஏறக்குறைய 217 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்குக் குறைந்த சூட்டில் ஒட்டு உருகாது, சூட்டால் விரிந்து சில நாள் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதற்குள் பிளாஸ்டிக்கும் கப்பாசிற்றரும் கெடும். சாப்பாடு வேகிற அடுப்பில் அந்தப் புகையும் படியும்.

2025 சித்திரையில் விண்டோஸின் டிவைஸ் மெனேஜரில் கோட் 43 வந்தது, பழுது என்று கார்டை விண்டோஸே நிறுத்திவிட்டதன் அடையாளம் அது. நானா கார்டை மேசையில் பூட்டி மெமரியைச் சிப் சிப்பாகச் சோதித்தார். ஆறு சிப்பில் ஒன்றின் இடத்தில் பிழை. அதைக் கழற்றி நல்ல சிப் ஒன்றை ஒட்டினார். பிழை அதே இடத்தில் தொடர்ந்தது. "சிப்புல இல்ல தம்பி, கோர்லதான். நான் செஞ்சு தாரன் எண்டு காசு வாங்கலாம், ஆனா ரெண்டு மாசத்துல நீங்க திரும்ப வருவீங்க" என்றார். அந்த நேர்மைக்காகத்தான் அவரிடம் போகிறேன்.

புதுக் கார்டுக்குச் சேர்த்த காசு போதவில்லை, பாவித்த கார்ட் ஒன்றுதான் வாங்கினேன். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்க முன்பு கிராபிக்ஸ் கார்ட்களைப் பாவித்தார்கள், 2022 செப்டெம்பரில் அது கார்ட்களை விட்டுவிட்டதால் இரவு பகலாக ஓடிய கார்ட்கள் நிறைய விற்பனைக்கு வந்தன. ஓடியது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. விற்கிறவரின் வீட்டிலேயே பயோஸ் திரையைப் பார்த்தேன், ஜிபியூ-இசட்டில் போலியா என்றும் லேன் எத்தனை என்றும் பார்த்தேன், விராம் சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டேன். கழற்றி விளிம்பில் பச்சை இருக்கிறதா என்றும் பார்த்தேன். அவர் தேத்தண்ணி தந்து பொறுமையாக இருந்தார். கோபப்படுகிற ஆளாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். சூடு, 12 வோல்ட், லேன் எண்ணிக்கை மூன்றையும் அன்றே கொப்பியில் எழுதிவைத்தேன், பிறகு ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

பழைய கார்டை நானாவிடமே கொடுத்தேன். அதன் சிப் ஆறும் நல்லவை. அதில் இரண்டு அக்கரைப்பற்று ஸ்டூடியோ ஒன்றின் கார்டில் ஏறி இப்போது ஓடுகின்றன.