படகு எஞ்சினுக்குச் செல்லூரில் ஒரு பம்புசெட் பட்டறை

“இதைக் கிணற்றில் இறக்கவா, கண்மாயில் இறக்கவா அண்ணே?” மதுரை செல்லூரில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். குறை சொல்ல முடியாது. வைகையில் தண்ணீரைப் பார்க்கச் சித்திரைத் திருவிழா வரை காத்திருக்கும் ஊரில், படகு எஞ்சினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

தொண்டியில் மாமா வீட்டுக் கொல்லையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த 14 அடி பைபர் படகு அது. 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு சேர்த்து 22,000 ரூபாய் கொடுத்து, சிவகங்கை வழியாக மினி லாரியில் ஏற்றி வந்தேன். இப்போது மாடக்குளத்தில் என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

முதலில் வேறொரு கடைக்குப் போய் ஏமாந்தேன். எஞ்சினைச் சட்டத்தில் மாட்டித் தண்ணீரே இல்லாமல் ஓட்டிப் பார்த்து, “நன்றாக ஓடுகிறது சார்” என்றார்கள். தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. இந்த வகை எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அடியிலுள்ள ரப்பர் இம்பெல்லர், அதாவது இதழ்களால் நீரைத் தள்ளும் சிறு சக்கரம், கடல்நீரை மேலே ஏற்றினால்தான் எஞ்சின் குளிரும். அந்த ரப்பர் தேயாமல் சுழல்வதற்கும் அதே நீர்தான் வேண்டும். வறட்டு ஓட்டத்தில் அது கிழிந்துவிடும்.

செல்லூர்க்காரர் படகு எஞ்சினைத் தொட்டதே இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார். ஆனால் தண்ணீர் ஏற்றுவது எதுவானாலும் அவருக்குப் புரிகிறது. உப்பில் இறுகிய போல்ட்டுகளை முறுக்கி உடைக்காமல், எண்ணெய் விட்டு, சூடு காட்டி, இரண்டு நாள் பொறுத்துக் கழற்றினார். இம்பெல்லரின் ஆறு இதழ்களில் இரண்டைக் காணோம். ராமேசுவரத்திலிருந்து நான் வாங்கிவந்த புதியதை மாட்டி அனுப்பியிருக்கலாம். அவர் விடவில்லை. “காணாமல் போனது மேலே எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கும்” என்று நீர்ப்பாதையைப் பிரித்து, சூட்டுக்கு ஏற்ப நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இருந்த இரண்டு ரப்பர் துண்டுகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கொடுத்த கூலி எனக்கு அங்கேயே வசூலாகிவிட்டது.

பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய குழாய் தாங்காது என்று அதையும் மாற்றினார்.

குறையும் உண்டு. நான்கு நாள் என்றார், பதினேழு நாள் ஆனது. கோடையில் விவசாயிகளின் மோட்டார்தான் அவருக்கு முதலில். என் படகு விளையாட்டுச் சாமான். கியர் ஆயில் மோர்போல வெளுத்து வந்தது, அதாவது சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. “இதில் கை வைத்துக் கெடுக்க மாட்டேன், கடற்கரைக்காரர்களிடம் காட்டுங்கள்” என்று மூடிக் கொடுத்துவிட்டார். கூலி 2,400 ரூபாய், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு. ரசீது கேட்பவர்களுக்குச் சரிப்படாது.

நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினின் அடிப்பகுதியை அதில் இறக்கி, பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து கயிற்றை இழுத்தோம். ஏழாவது இழுப்பில் பிடித்தது. பக்கவாட்டில் சிறு நீர்த்தாரை பீய்ச்சியது, இம்பெல்லர் நீரை ஏற்றுகிறது என்று அர்த்தம். பட்டறைப் பையன் கையை நீட்டி, “வெதுவெதுப்பாக வருகிறது” என்றான். புகைக்காக எதிர்த்த டீக்கடைக்காரர் திட்டியதற்கு நான்கு டீ சொல்லிச் சமாதானம் செய்தேன்.