டி4 குறைந்திருந்தும் தைராய்டு மாத்திரை எழுதாத மருத்துவர்

எங்கள் வீட்டு லாப்ரடார் பைரவனுக்கு ஏழு வயதாகிறது. பங்குனி வெயில் தொடங்கியதிலிருந்தே சோர்ந்து படுத்திருந்ததாலும் முதுகில் முடி கொட்டியதாலும், வேலூரில் வேறோர் இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். டி4 என்னும் தைராய்டு ஹார்மோன் 0.7 என வந்தது. அந்த ஆய்வகத்தின் இயல்பு அளவு 1.0-இல்தான் தொடங்குகிறது. அந்த ஓர் எண்ணை வைத்தே, ஆயுள் முழுவதும் தைராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதிவிட்டார்கள். மனம் ஒப்பாமல், மாத்திரை வாங்காமலேயே, காட்பாடிப் பக்கம் உள்ள இந்த மருத்துவமனைக்கு வந்தேன்.

இங்குள்ள மருத்துவர் அறிக்கையைக் கையில் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, முதலில் பைரவனின் காது மடலைப் புரட்டி, உள்ளே ஒட்டியிருந்த இரண்டு உண்ணிகளை இடுக்கியால் எடுத்தார். ஈறு வெளுத்திருந்தது, காய்ச்சலும் இருந்தது. "இதுவரை என்னென்ன மருந்து கொடுத்தீர்கள், அம்மா?" என்று கேட்டார். அரிப்புக்காக மூன்று வாரமாகப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வந்ததைச் சொன்னதும், அறிக்கையின் ஓரத்தில் அதைப் பென்சிலால் குறித்து, 0.7-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அதன்பின் அவர் பொறுமையாக விளக்கியதுதான் இந்த மருத்துவமனையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம். உடலில் வேறொரு நோய் இருக்கும்போது, தைராய்டு சுரப்பி நன்றாகவே இருந்தாலும் ரத்தத்தில் டி4 இறங்கிவிடும். நோய் கடுமையாக இருந்தால் இறக்கமும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டால், சல்ஃபா வகை மருந்துகள் ஆகியவையும் அதைக் குறைக்கும். ஆகவே டி4 இயல்பாக இருந்தால் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் இல்லை என்று கொள்ளலாமே தவிர, குறைந்திருப்பதால் மட்டும் குறைபாடு உண்டு என்று முடிவு கட்ட முடியாது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் குறைபாடுள்ள நாய்களிலும் சிலவற்றுக்கு அது இயல்பாகவே இருக்குமாம்.

பைரவனுக்கு டி.எஸ்.எச். இயல்பாக இருந்தது, ரத்தப் பரிசோதனை உண்ணிக் காய்ச்சலை உறுதிசெய்தது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தார்; ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து மீண்டும் பார்த்தபோது டி4 1.9 ஆக இருந்தது. முதுகில் முடியும் முளைத்துவிட்டது.

அன்று காத்திருந்தபோது, மெலிந்துகொண்டே போன 14 வயதுப் பூனையுடன் ஒரு பெரியவர் வந்திருந்தார். பூனைகளில் இது தலைகீழ் என்று அவருக்கு விளக்கினார் மருத்துவர்: வயதான பூனைக்குத் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், சிறுநீரக நோய் போன்ற ஒன்று சேர்ந்திருந்தால் டி4 இயல்பு அளவுக்குள் இறங்கி, உண்மையான நோயை மறைத்துவிடுமாம். சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

குறைகளும் உண்டு. டி.எஸ்.எச். மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போவதால் முடிவு வர நான்கு நாளானது. மாலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ரத்த மாதிரியுடன் அனுப்பும் படிவத்தில், விலங்கு உட்கொள்ளும் மருந்துகளை எழுத ஓர் இடம் ஒதுக்குமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன். போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.