இன்டர்செப்டர் 650: சைலன்சர் மாற்றிய பிறகு டியூனிங்குக்குக் காசு போடலாமா?

ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் பைக்குக்கு வெளிச் சைலன்சர் வாங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பில் போடும்போதே கடைக்காரர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார்: "அண்ணா, அப்படியே டியூனிங் பாக்ஸும் போட்டுரலாமா? இல்லேன்னா இன்ஜின் லீன் ஆயிடும்." பெட்ரோல் அளவை மாற்றும் பெட்டிதான் டியூனிங் பாக்ஸ்; லீன் என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாத நிலை. சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும் என்று போனவரும் இந்த ஒரு வரியில் கலங்கிப்போய் சைலன்சர் விலைக்குச் சமமாக இன்னொரு தொகையை வைத்துவிட்டு வருவார். என் வண்டி பிஎஸ்6 புகை விதிப்படி வந்தது, இரண்டு பக்கமும் ஸ்லிப் ஆன் (கடைசியில் சொருகும் சைலன்சர் மட்டும்), டிபி கில்லர் (சத்தத்தைக் குறைக்கும் செருகு) உள்ளேயே இருக்கிறது. எதுவும் போடாமல் ஓட்டி, அப்புறம் ஃபியூயல்எக்ஸ் என்ற டியூனிங் பாக்ஸை மாட்டி ஓட்டி, கடைசியில் ஏர் ஃபில்டரையும் மாற்றி டைனோவில் (பவரை அளக்கும் மேடையில்) ஏற்றியது வரைக்கும் பார்த்தாகிவிட்டது. அதை வைத்துத்தான் இது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லிப் ஆன் மட்டும்தான் மாற்றினீர்கள், பென்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை வரும் குழாய்) ஏர் ஃபில்டரும் கம்பெனி போட்டதுதான் என்றால், டியூனிங்குக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யத் தேவையில்லை. இந்த வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சுருக்கமாக கேட், பென்ட் பைப் பக்கம் இருக்கிறது, நாம் கழற்றி மாட்டும் சைலன்சரில் இல்லை. புகை போகும் வழியில் பெரிய தடை அதுதான், அது அப்படியே இருக்கும்போது பின்னால் இருக்கும் டப்பாவை மாற்றுவதால் இன்ஜினுக்குள் போகும் காற்று பெரிதாக ஏறிவிடாது. ஏறும் கொஞ்சத்தையும், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஓ2 சென்சார் பார்த்துக்கொள்ளும். சீராக ஓட்டும்போது ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், அந்தச் சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது; சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே வந்தால் குறைவு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும், ஆனால் அந்த வேலைக்கு அது போதும்.

"அப்போ ஏன் வண்டி பட்டாசு வெடிக்குது?" என்று கேட்பீர்கள். த்ராட்டிலை மூடும்போது டப் டப் என்று வெடித்தால் உடனே லீன், லீன் என்று எல்லோரும் ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அது மாட்டிய விதத்தில் இருக்கும் கோளாறு. பென்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் கிளாம்ப் சரியாக உட்காரவில்லை, அல்லது பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டுவிட்டார்கள் என்றால், த்ராட்டில் மூடியதும் அந்த இடைவெளி வழியாக வெளிக் காற்று உள்ளே போகும், எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல் சூடான பைப்புக்குள் அந்தக் காற்றோடு சேர்ந்து வெடிக்கும். பென்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் லீக் இருந்தால் இன்னும் மோசம்: சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கும், ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் இறங்கும், மேலே எந்தப் பெட்டியை மாட்டினாலும் சரியாகாது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சேரும் இடத்தைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். லீக் இருந்தால் நுரை குமிழ் விடும். முழு நீளத்துக்கும் கரி படிந்த ஒரு கறுப்புக் கோடு கிளாம்ப் ஓரத்தில் தெரிந்தால் சோப்புத் தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து நிமிட வேலை, செலவு ஒரு பேக்கிங்.

சரி, ஏர் ஃபில்டரும் மாற்றிவிட்டீர்கள், அல்லது கேட்டை எடுத்துவிட்டு வெறும் பென்ட் பைப் போட்டுவிட்டீர்கள் (சட்டப்படி கூடாது, கீழே சொல்கிறேன்). இங்கேதான் டியூனிங்குக்கு அர்த்தம் வருகிறது. முழு த்ராட்டிலில் ஈசியூ சென்சார் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, தன்னிடம் எழுதி வைத்திருக்கும் அட்டவணைப்படிதான் பெட்ரோல் விடும். அந்த அட்டவணை கம்பெனி ஃபில்டருக்கும் கம்பெனி பைப்புக்கும் எழுதியது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

இருப்பதிலேயே மலிவான வழி, சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரையோ போலி சென்சாரையோ சொருகி ஈசியூவை ஏமாற்றுவது. இதைத் தொடவே தொடாதீர்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொல்வதுதான் அது. வண்டி எந்நேரமும் அட்டவணையை நம்பியே ஓடும், டேஷில் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தால் அதற்குப் பிறகு உண்மையான கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பூஸ்டர் பிளக், டென்மார்க் சரக்கு. உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாருக்கு நடுவில் உட்கார்ந்து, காற்று உண்மையில் இருப்பதைவிட 20 டிகிரி குளிர்ச்சி என்று ஈசியூவுக்குச் சொல்லும். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம் என்பதால் ஈசியூ ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடும். எளிமையான யோசனை, மாட்டுவதும் எளிது, ஓ2 சென்சாரைத் தொடுவதில்லை. ஆனால் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவுதான் கூட்டும். எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று அதற்குப் பார்க்கத் தெரியாது.

நான் மாட்டியது ஃபியூயல்எக்ஸ். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் செய்வது. ஓ2 சென்சார், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) ஆகியவற்றின் வயர் கப்ளர்களுக்கு நடுவில் சொருகினால் போதும், ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. இன்டர்செப்டரில் சிலிண்டர் இரண்டு, சென்சாரும் இன்ஜெக்டரும் இரண்டிரண்டு என்பதால் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு வரும் பெட்டி இதற்கு ஆகாது, வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். விலை ஐந்து இலக்கம். சீட்டையும் பக்க மூடியையும் கழற்றி, டேங்கைக் கொஞ்சம் தூக்கி இன்ஜெக்டர் கப்ளரை எட்டுவதுதான் சிரமம், கை பெரிதாக இருப்பவர்கள் முனகிக்கொண்டே செய்வார்கள். ப்ரோ வகையில் ஹேண்டில்பாரில் ஒரு ஸ்விட்ச் வருகிறது, ஓட்டும்போதே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அது தேவைப்படவில்லை, ஒரு நிலையில் வைத்தால் மாதக்கணக்கில் தொடுவதே இல்லை.

என்ன மாறியது என்றால், பவர் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் எல்லோரும் பவர் என்றுதான் விற்கிறார்கள். மாறியது கீழ் ஆர்பிஎம்தான். கொல்லிமலை ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரில் த்ராட்டிலை மூடி மறுபடி திறக்க வேண்டும். முன்பெல்லாம் அந்தத் திறக்கும் நொடியில் வண்டி ஒரு வெட்டு வெட்டி இழுக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஹெல்மெட்டால் நம் ஹெல்மெட்டை இடிப்பார். இப்போது அந்த வெட்டு இல்லை, நூல் பிடித்த மாதிரி இழுக்கிறது. சிக்னலில் நிற்கும்போது காலில் அடிக்கும் சூடும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், மே மாதத்துச் சென்னையில் அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம். மைலேஜ் இறங்கியது, இறங்கத்தான் செய்யும், பெட்ரோல் சும்மா வருவதில்லை. பெட்டி பற்ற வைக்கும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, தொடுவதில்லை. அதுவும் வேண்டும் என்றால் இதே நிறுவனத்தின் பவர்ட்ரானிக் இருக்கிறது, ஆனால் தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு அது அதிகம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலில் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே அளவு ஊற்றினால் இன்ஜினுக்கு அது குறைவுதான். சீராக ஓட்டும்போது சென்சார் இதைச் சரி செய்துவிடும், முழு த்ராட்டிலில் அந்தத் திருத்தம் அப்படியே கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே இந்தக் கலப்புக்கு முன் வந்த 2020, 2021 மாடல் வண்டியில் ஃபில்டரும் மாற்றியவர்கள் கொஞ்சம் ரிச் பக்கம், அதாவது பெட்ரோல் கூடுதலாக, வைப்பதில் தப்பில்லை.

டைனோவைப் பற்றி. பட்டையால் வண்டியை உருளையின் மேல் கட்டி, முன்னால் பெரிய ஃபேனைப் போட்டு ஓட்டுவார்கள். கம்பெனி சொல்லும் 47 குதிரைத்திறன் கிராங்கில், அதாவது இன்ஜினிலேயே அளந்தது; பின் சக்கரத்தில் நாற்பதைச் சுற்றித்தான் வரும், தாளில் எண்ணைப் பார்த்து அதிர வேண்டாம். ஸ்லிப் ஆனும் ஃபில்டரும் டியூனிங்கும் சேர்ந்து கொடுத்தது ஒன்றிரண்டு குதிரைத்திறன். போவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: காற்று, பெட்ரோல் அளவை எங்கே வைத்து அளக்கிறீர்கள்? சைலன்சர் வாயில் குழாயைச் சொருகி அளப்போம் என்றால், கேட் இருக்கும் வண்டிக்கு அந்த அளவை நம்ப முடியாது, கேட்டைத் தாண்டும்போதே புகை மாறிவிடுகிறது. கேட்டுக்கு முன்னால் பென்ட் பைப்பில் வைட்பேண்ட் சென்சார் (கூட, குறைய என்பதோடு எவ்வளவு என்றும் காட்டும் ஓ2 சென்சார்) வைப்பவரிடம் போங்கள். வைட்பேண்ட் சென்சாரின் மரை 18 மில்லிமீட்டர், பல பைக்குகளின் சொந்தச் சென்சார் 12 மில்லிமீட்டர், எனவே தனியாக ஒரு நட்டு வெல்டு வைக்க வேண்டியிருக்கும். அதைத் தானாகவே சொல்பவருக்கு வேலை தெரியும். நான் முதலில் போன ஒரு இடத்தில் ஒரே ஓட்டம் ஓட்டி வழவழப்பான தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், முன்பு எவ்வளவு என்று அளக்கவே இல்லை. முன்பு, பின்பு இரண்டும் இல்லாத தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சட்டம்: 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குச் சத்த வரம்பு 80 டெசிபல். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்சும் மூன்று மாதம் போகும். கேட்டை எடுத்தால் புகைக்கும் அதே பிரிவுதான். டிபி கில்லரைக் கழற்றிவிட்டு "சும்மா சண்டே மட்டும்" என்பவர்களை அண்ணா சாலையில் நிறுத்தி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பெட்டி இல்லாமல் ரீமேப் செய்தால், ஈசியூவுக்குள் கம்பெனி எழுதிய அட்டவணையின் மேலேயே எழுதுகிறார்கள், வாரண்டி இருக்கும் வண்டிக்கு அது வேண்டாம். பழைய ஃபைலை எடுத்து வைத்துக் கொடுக்காதவரிடம் வாரண்டி முடிந்த வண்டியையும் விடாதீர்கள். பெட்டி என்றால் கழற்றிவிட்டுக் கம்பெனி கப்ளரைத் திரும்பச் சொருகினால் பழையபடி ஆகிவிடும், வண்டியை விற்கும்போது தனியாக எடுத்து இன்னொரு 650-காரருக்கு விற்றுவிடலாம், பாதி விலையாவது தேறும்.